பங்கிட்ட பொறுப்பு

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். இழுத்த தேர் நடுத்தெருவில் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது?

வடநாட்டு நகரொன்றில் நாம் முன்பு பணியாற்றிய காலத்தில், கம்பி புதைப்பதற்காகத் தோண்டி மூடப்படாது கிடந்த பள்ளத்தில் சங்க அன்பர் ஒருவரின் முதிய தாயார் இடறி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று அலுவலகங்களுக்கு எழுதினோம். தோண்டிய அலுவலகம், சாலையைச் செப்பனிடுவதற்குரிய தொகையை முன்னரே செலுத்திவிட்டதாக ரசீதின் நகலுடன் விடையளித்தது. தொகையைப் பெற்ற அலுவலகம், வேலை முடிந்ததென்ற கடிதம் வராமையால் கை வைக்க இயலவில்லை என்றது. மூன்றாவது, அருகிலுள்ள வடிகால் மட்டுமே தன்னுடையது என்றது. மூன்று விடைகளும் உண்மையே என்பதுதான் நம்மை உறுத்தியது. பொய் சொன்னவர் எவருமிலர். பள்ளமோ அப்படியே கிடந்தது.

கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இது புதிதன்று. ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டதும் நெஞ்சில் ஒரு நிம்மதி பிறக்கிறதே, அது கடமை முடிந்த நிம்மதியா, கடமை கைமாறிய நிம்மதியா? நாமும் அந்நிம்மதியை நுகர்ந்தவர்களே.

பணிகளைப் பிரிப்பதே தீது என்று கூறமாட்டோம். தில்லியில் குடிநீரும் கழிவுநீரும் 1998இல் அமைந்த ஜல் போர்டின் பொறுப்பு. குடியிருப்புத் தெருக்களும் குப்பையும் பெரும்பகுதியில் மாநகராட்சியைச் சார்ந்தவை. அகன்ற சாலைகள் பொதுப்பணித் துறையிடம் உள்ளன. அம்மாநகராட்சியையே 2012இல் மூன்றாகப் பிரித்து, 2022இல் மீண்டும் ஒன்றாக்கினர். குழாயை அறிந்தவர் குழாயையும் சாலையை அறிந்தவர் சாலையையும் காப்பது முறையே. ஆயின் பங்கிட்டால் குறைவதற்குப் பொறுப்பு என்ன பண்டிகைப் பலகாரமா? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. பலர் கூடி ஒரு வாக்குறுதி அளித்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அவர்களுள் எவரையும் முழுவதையும் நிறைவேற்றச் சொல்லலாம். தம்முள் பங்கு தீர்த்துக்கொள்வது அவர்கள் பாடு. கடன் கொடுத்த வணிகனுக்குள்ள இப்பாதுகாப்பு, வரி கொடுத்த குடிமகனுக்கு ஏன் இருத்தலாகாது? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இதன் சாயல் உண்டு: இடம் மாறி வந்த மனுவை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவித்தல் வேண்டும். அலைய வேண்டியது தாளே, ஆள் அன்று.

உத்தரமேரூரை நம் மேடைகளில் குடவோலைக்காகவே புகழ்கிறோம். முதற் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு உரியரல்லர். நிலமுடையோரின் சபையே அது, எல்லாருக்கும் உரியதன்று. உறவினரைத் தண்டித்தலும் இன்று ஒவ்வாது. எனினும் கணக்குக் காட்டுதல் தகுதியின் ஒரு பகுதி என அவர்கள் கருதியமை நம் சங்கச் செயற்குழுக்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கடந்த ஆண்டுக் கணக்கு எங்கே என வினவினால் செயலாளர் பொருளாளரையும் பொருளாளர் தணிக்கையாளரையும் காட்டும் காட்சியை நாம் காணாதவர்களா?

அப்பள்ளத்தின் கதைக்கு வருவோம். மூன்று அலுவலகத்துப் பொறியாளர்களையும் ஒரே நாளில் அவ்விடத்துக்கே அழைத்தோம், தேநீர் கொடுத்தோம். மூடும் பொறுப்பும் கெடு நாளும் ஒரே தாளில், ஒரே பெயரில் எழுதப்பட்டன. மற்ற இருவரும் கீழே கையொப்பமிட்டனர். நான்கு நாட்களில் பள்ளம் மூடப்பட்டது. தாயார் கைத்தடியூன்றி நடக்கத் தொடங்கியபின்னும், தெருவின் மறுபக்கமாகவே சென்றுவந்தார்.