தாமதம் யாருடையது?

சரத் காலத்தில் காசிக்குச் செல்பவர்களிடம் ஒரு தனி அவசரம் காணப்படும். தமிழகத்தில் ஐப்பசி அடைமழைக் காலம்; கங்கைக் கரையிலோ அதே வேளையில் மழை ஓய்ந்து, வானம் துலக்கிவைத்த பாத்திரம்போல் தெளிந்திருக்கும். அங்குள்ள அன்னபூரணி ஆலயத்தில் நித்திய வழிபாடு பெறும் மூர்த்தியைத் தவிர, பொன்னாலான மற்றொரு திருவுருவமும் உண்டு. அதன் தரிசனம் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே. தீபாவளிக்கு முன் வரும் தனத்திரயோதசியன்று திறக்கும் அந்தச் சந்நிதி, தீபாவளிக்குப் பின் நிகழும் அன்னகூட விழாவோடு மூடிவிடும். தவறவிட்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

நாகபுரியைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியர் அந்தத் தரிசனத்திற்காகப் புறப்பட்டனர். ஓர் ஆண்டு கணவரின் அறுவை சிகிச்சை, அடுத்த ஆண்டு மகளின் பிரசவம் என்று பயணம் ஏற்கெனவே இருமுறை தள்ளிப்போயிருந்தது. இம்முறை அன்னகூடத்தன்று காலை காசியை அடையும் ரயிலில் இடம் கிடைத்தது. அன்னைக்கு நிவேதனம் செய்ய இரண்டு பெட்டி லட்டுகளை அந்த அம்மையார் தம் கையாலேயே செய்து எடுத்து வந்தார்.

சத்னாவைக் கடந்த பின், நள்ளிரவில், ஒரு சிறு நிலையத்தில் வண்டி நின்றது. முன்னால் சென்ற சரக்கு வண்டி தடம் புரண்டிருந்தது. பொழுது விடிந்தது, வெயில் ஏறியது, வண்டி நகரவில்லை. கணவர் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் விற்ற சிறுவனிடம் சில்லறைக்காகச் சீறினார். எதிர் இருக்கையில் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் கீதையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. பெட்டியில் இருந்தவர்கள் அவரைக் காட்டி, 'பொறுமை என்றால் இதுவல்லவா!' என்று பேசிக்கொண்டனர்.

வண்டியின் முன்பதிவில்லாத பெட்டிகளில் கூலி வேலை முடித்து ஊர் திரும்புவோர் நெருக்கியடித்து இருந்தனர். நிலையத்தின் ஒரே குழாயும் நண்பகலுக்குள் வறண்டுவிட்டது. இடுப்பில் குழந்தையுடன் ஒரு பெண் ஜன்னல் ஜன்னலாகத் தண்ணீர் கேட்டு வந்தாள். தம்பதியரிடம் ஐந்து லிட்டர் கேன் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. 'இன்னும் எத்தனை மணி நேரமோ, உனக்கு மருந்து சாப்பிட வேண்டுமே' என்றார் கணவர். அவர் சொன்னது பொய்யல்ல. அம்மையாருக்குச் சர்க்கரை நோய். கேனை நோக்கி நீண்ட கை திரும்பிவிட்டது. ஆசிரியர் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தவில்லை. அப்பெண் அடுத்த ஜன்னலுக்குச் சென்றாள்.

பிற்பகலில் வண்டி புறப்பட்டது. நள்ளிரவை ஒட்டி அவர்கள் காசியை அடைந்தபோது பொன் அன்னபூரணியின் சந்நிதி மூடப்பட்டிருந்தது.

இந்த நிகழ்ச்சியில் தவறியவர் யார் என்று கேட்டால், பதற்றப்பட்ட கணவரைத்தான் பலரும் சுட்டுவார்கள். அமைதியாக இருந்த ஆசிரியரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அங்கேதான் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பெர்க்ஸன், 1907-இல் வெளியான தமது நூலில் ஓர் எளிய உதாரணத்தைக் கையாள்கிறார். ஒரு குவளை நீரில் சர்க்கரையைப் போட்டால், அது கரையும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். அந்தக் காத்திருப்பின் காலம் கணிதத்தின் காலமன்று. அது காத்திருப்பவனின் பொறுமையின்மையோடு ஒன்றிவிட்ட காலம், அவன் வாழ்வின் ஒரு துண்டு. தடைப்பட்ட ரயிலில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் இதை உணர்ந்திருப்பர். 'என் நேரம் போகிறது' என்பதே கணவரின் வேதனை. 'என் நேரம் எப்படிப் போனாலும் என் மனம் கலங்காது' என்பது ஆசிரியரின் சாதனை. இரண்டு வாக்கியங்களும் 'என்' என்றே தொடங்குகின்றன.

வேதாந்தம் சாதகனுக்கு வகுத்த ஆறு செல்வங்களுள் திதிக்ஷை ஒன்று. வரும் துன்பத்தை எதிர்த்துப் போராடாமல், கவலையும் புலம்பலும் இன்றித் தாங்குவதே திதிக்ஷை என்று விவேகசூடாமணி விளக்குகிறது. ஆனால் அது தன் துன்பத்தைத் தாங்குவதைப் பற்றியது. தன் வெயிலை, தன் பசியை, தன் தாமதத்தைத் தாங்கலாம். பிறருடைய தாகத்தைத் தாங்கிக்கொள்வதற்குத் திதிக்ஷை என்று பெயரில்லை. தமிழ் அகராதிகள் 'தாமதம்' என்ற சொல்லுக்குக் காலம் நீட்டித்தல் என்ற பொருளோடு, தாமச குணம் என்ற பொருளையும் தருகின்றன. சத்துவமும் தாமசமும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்று பெரியோர் எச்சரிப்பது இத்தகைய இடங்களுக்காகவே போலும். அசையாத தீபமும் அசையாது, கல்லும் அசையாது.

காசிக்குச் செல்லும் வழியில் நேர்ந்த இன்னொரு தாமதம் இங்கு நினைவுக்கு வருகிறது. 1868-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மதுர்பாபு, பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரை அழைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டோருடன் தீர்த்த யாத்திரை புறப்பட்டார். வேண்டிய இடத்தில் கழற்றி நிறுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுடன் ரயில் பெட்டிகளே தனியாக அமர்த்தப்பட்டிருந்தன. வைத்தியநாதம் என்னும் தேவ்கரில் தங்கியபோது, அருகிலிருந்த ஒரு கிராமத்து மக்களின் வறுமையைக் கண்டு குருதேவர் உள்ளம் உருகினார். அவர்களுக்குத் தலைக்கு எண்ணெயும், ஆளுக்கு ஓர் ஆடையும், வயிறார ஒருவேளை உணவும் அளிக்கும்படி மதுரிடம் கூறினார். மதுர் தயங்கினார். யாத்திரைச் செலவோ பெரிது, ஏழைகளோ பலர். குருதேவர் கண்ணீருடன் அந்த ஏழைகளின் நடுவே சென்று அமர்ந்து, இவர்களை விட்டுவிட்டுக் காசிக்கு வரப்போவதில்லை என்று மறுத்துவிட்டார். இறுதியில் மதுர் கல்கத்தாவிலிருந்து துணிகளை வரவழைத்து எல்லாவற்றையும் செய்தார். அதன் பிறகே பயணம் தொடர்ந்தது. சுவாமி சாரதானந்தர் தமது லீலாபிரசங்கத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அன்று குருதேவர் பொறுமையாக இருந்தார் என்று சொல்ல முடியுமா? அழுதார், அடம் பிடித்தார், நூறு பேரின் பயணத்தை நிறுத்தினார். விசுவநாதரிடம் அவருக்கிருந்த ஏக்கம் எந்த யாத்திரிகரின் ஏக்கத்துக்கும் குறைந்ததன்று. ஆயினும் அந்தத் தாமதத்தை அவர் தமக்கு நேர்ந்த இழப்பாகக் கணக்கிடவில்லை. தாமே அதை உண்டாக்கினார்.

மதுர்பாபுவின் கணக்கும் தவறானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிராமத்துக்கு ஒருவேளை உணவளித்ததால் அந்த வட்டாரத்தின் வறுமை ஒழிந்துவிடவில்லை. அரை கேன் தண்ணீரால் ஒரு ரயிலின் தாகமும் தீராது. நோயுற்ற மனைவிக்காக நீரைக் காத்த கணவரைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்குவது எளிது, நியாயமாகாது. தமக்கு உரியவருக்காக அஞ்சியவர் அவர். அவருடைய கணக்கில் ஒரு குவளைக்கும் இடமிருந்ததா என்பதே கேள்வி. ஆசிரியரிடமோ கணக்கே எழவில்லை.

மறுநாள் காலை அந்த அம்மையார் அன்னபூரணியின் நித்திய மூர்த்தியைத் தரிசித்தார். சிவபெருமானே பிட்சாபாத்திரம் ஏந்தி இவள்முன் நின்றதாகக் கூறும் புராணக் காட்சியை அறியாதவர் இல்லை. அம்மையாரும் அறிவார். லட்டுப் பெட்டிகளை அர்ச்சகரிடம் கொடுக்கும்போது அவருக்கு ஜன்னலோரம் நின்ற முகம் நினைவுக்கு வந்தது. பொன் திருவுருவத்தைப் பற்றி அன்று முழுவதும் அவர் பேசவில்லை. கணவர்தான் அடுத்த ஆண்டு இரண்டு நாட்கள் முன்னதாகவே புறப்படவேண்டும் என்று பலமுறை சொன்னார்.

திரும்பும் பயணத்திற்கு அம்மையார் கடைவீதியில் இன்னொரு கேன் வாங்கி, இரண்டிலும் நீர் நிரப்பி வைத்துக்கொண்டார். சுமை எதற்கு என்று கணவர் கேட்கவில்லை. ஒன்றை அவரே தூக்கிவந்தார். வண்டி குறித்த நேரத்தில் புறப்பட்டது. சத்னாவுக்கு முன்னால் இருந்த அந்தச் சிறு நிலையத்தில் அது நிற்கவும் இல்லை.