உள்ளத்து உருவும் ஓவியத்து உருவும்

ஓவியர் பலர் தாம் எழுதிய ஓவியத்தை முடித்துத் தூரிகையைக் கீழே வைக்குங்கால் ஒரு குறை கூறுவர். "உள்ளத்திற் கண்டது பெரிது, கை கொணர்ந்தது சிறிது" என்பதே அக்குறை. இது மெய்யாயின், எண்ணம் ஓவியமாக முதிர்தல் வளர்ச்சியன்று, தேய்வேயாம். எழுதாது விட்ட ஓவியமே தலையாய ஓவியம் என்றும் முடியும். அங்ஙனம் கொள்ளுதல் தகுமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மேற்பகுதியில் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்னும் குடைவரை ஒன்றுளது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அமைத்தது அது. அவன் பூண்ட பட்டங்களுள், ஓவியருட் புலி எனப் பொருள்படும் 'சித்திரகாரப்புலி' என்பதும் ஒன்று. குடைவரையின் மேற்குச் சுவரில் கங்காதரர் திருவுருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. முழுவடிவச் சிலையைச் சித்திரம் என்றும், புடைப்புருவை அர்த்தசித்திரம் என்றும், வண்ணங்கொண்டு எழுதுவதைச் சித்திராபாசம் என்றும் சிற்பநூலார் ஓரினமாக வைத்தெண்ணுவர். ஆதலின், ஓவியம் பற்றிய நம் வினாவிற்கு இப்புடைப்புரு சான்றாதல் பொருந்துவதேயாம்.

அவ்வுருவின் இருமருங்குமுள்ள தூண்களில் வடமொழிப் பாக்கள் பொறிக்கப்பட்டுள. நிலத்திலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டையும் காவிரியையும் யாம் காணுதல் எங்ஙனம் என்று இறைவன் வினவ, அரசன் இம்மலைமேல் இல்லம் அமைத்தான் என்பது ஒரு பாவின் கருத்து. ஆறுகளில் விருப்புடைய பெருமான் காவிரியைக் கண்டு காதலிப்பாரோ என்றஞ்சி மலைமகள் இங்கேயே வந்து தங்கினாள் என்பது மற்றொன்றன் கருத்து. கீழே ஓடுவதும் ஓர் ஆறு. சடையில் தங்குவதும் ஓர் ஆறு. இரண்டும் ஒரு நினைவிற் கலந்த கணமே இவ்வுருவிற்கு வித்தாயிற்று எனக் கொள்ளுதல் தகும்.

இனி, வித்து உருவாகும் முறை யாது? நம் சித்தாந்த நூல்கள் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காகப் பகுக்கும். சூக்குமை உள்ளொளி அளவாய் நிற்பது. பைசந்தியில் எழுத்துக்கள் பிரிவின்றி அடங்கியிருக்கும். அதற்கு மயில் முட்டையின் நீர் உவமையாகும். தோகையின் பல வண்ணங்களும் அந்நீரில் உள. ஆயினும் ஒன்றும் வேறாகத் தோன்றாது. மத்திமையில் அவை உள்ளே முறைப்படும். வைகரியிலேதான் பிறர் செவிக்குப் புலனாகும்.

வாக்கிற்குக் கூறிய இம்முறை ஓவியத்திற்கும் ஒக்கும். ஓவியன் "பெரிது கண்டேன்" என்பது பைசந்தியளவிற் கண்டது. அது பெரிதாகத் தோன்றியது முற்ற விளங்கியதனாலன்று. எதுவும் இன்னும் பிரியாமையினாலேயாம். முகம் எப்பக்கம் திரும்புவது, கை எங்கு நிற்பது, எதனை விடுவது என்னும் வினாக்கள் அப்போது எழவேயில்லை. அவை எழுந்து தீர்வதே மத்திமை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் 1931-இல் வெளிப்பட்ட சோழர்கால ஓவியங்கள் சுண்ணச்சாந்தின் ஈரம் புலருமுன் எழுதப்பட்டவை. ஈரம் புலர்ந்தபின் ஐயுறுதற்கு இடமில்லை. பாறையோ இன்னும் கடிது. உளி கொண்ட துண்டு மீண்டும் ஒட்டாது.

ஒன்று நோக்குக. பாட்டில் காவிரி உண்டு. கல்லிலோ, உயர்த்திய கரம் பற்றிய சடையின்மேல் கங்கையே இறங்குகின்றாள். மற்றொரு கரத்திற் பாம்பு, திருவடியைத் தாங்கும் பூதம், சூழ வழிபடுவோர். எண்ணத்திற்கு வித்தான காவிரியை உருவில் வைத்திலர். தான் விரும்பிய ஒன்றனை விடத் துணிந்த பின்னரே உரு நிறைந்தது. விடுதலும் ஆக்கத்தின் ஒரு கூறாதல் இதனாற் பெறப்படும்.

"காரியம் காரணத்தில் முன்னரே உள்ளது என்பதன்றோ நம் கொள்கை? அங்ஙனமாயின் உழைப்பு எதற்கு?" எனின், கூறுதும். மண்ணிற் குடம் உண்டு. ஆயினும் மண் நீர் முகவாது. திரிகையும் குயவனும் வேண்டும். முட்டையில் வண்ணம் உண்டு. ஆயினும் முட்டை ஆடாது.

கைத்திறன் குறைந்தமையால் ஓவியம் குறைவுறுதலும் உண்டு. அதற்கு மருந்து பயிற்சியே. உள்ளத்து உருவைப் புகழ்ந்து கொண்டிருத்தலன்று. எழுதாத ஓவியத்தைப் பிறர் எவரும் குறைகூற இயலாது. அதனாலேயே ஆணவம் அதனை விரும்புகின்றது. முடிந்த ஓவியம் பிறர்க்குரியதாய்விடும். முடியாதது என்றும் "என்னுடையது" என்றே இருக்கும். யான் எனது என்னும் செருக்கு அறவேண்டும் என்று நாடோறும் ஓதுகின்ற நாம், அச்செருக்கு இத்துணை நுண்ணிய இடத்திலும் ஒளிந்திருத்தலை அறிதல் வேண்டும்.

மலையுச்சியினின்று வடக்கே நோக்கின் காவிரிக்கப்பால் திருவரங்கத்து இராசகோபுரம் தோன்றும். விசயநகர வேந்தர் காலத்தில் தொடங்கி, பல நூற்றாண்டு முற்றுப்பெறாது நின்றது அது. 1987-இல் 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து முடிந்தது. தொடங்கியவர் கண்ணால் அதனைக் கண்டிலர்; முடித்தவர் அவர் கனவைக் கண்டிலர். ஆயினும் அவ்வழியே புகுவோர்க்கு நிழல் ஒன்றே. மலைமேலோ மன்னன் பெயர் கல்லில் நிற்கின்றது. உளிபிடித்தவன் பெயர் இல்லை. அவன் செய்த திருவுருவமோ ஏறக்குறைய 1400 ஆண்டுகளாகக் காண்போர்க்கு அருள் சுரக்கின்றது.

ஆதலின் எண்ணத்தினும் ஓவியம் சிறிது என்னற்க. எண்ணம் ஓவியனுக்கு அருளப்பட்டது. ஓவியம் அவன் உலகிற்குத் திருப்பிக் கொடுப்பது. பெற்றதைக் கொடாது வைத்துக்கொள்ளுதல் எவ்வறத்திற்கும் பொருந்தாது. நம்முள்ளும் முடியாது கிடக்கும் நற்கருமம் யாதேனும் உண்டேல், அதனை இன்றே கையிலெடுக்கத் திருவருள் துணைநிற்பதாக.