தவறாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று மாலையே தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: "என்ன குரூப்?" 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி மாறவில்லை. கேட்பவர்கள் பாடத்தைப் பற்றிக் கேட்பதாகத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்ணிடம் கேட்கப்படும்போது அதற்குள் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இவளுக்கு எத்தனை வருடம் தரலாம், எவ்வளவு பணம் தரலாம், எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்ற கணக்கு. பதினைந்து வயதில் அவள் சொல்லும் பதிலை அவளுடைய தேர்வு என்று நாம் சொல்லலாமா? மருத்துவம் படிக்க நினைக்கும் பெண்களை முன்வைத்து இதை யோசிக்கிறேன். அங்கேதான் கதவுகள் சீக்கிரம் மூடுகின்றன.

முதலில் விதிகள். நீட் எழுத வேண்டுமென்றால் மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். கணிதம் தேவையில்லை. மொத்தம் 720 மதிப்பெண்ணில் சரிபாதியான 360 உயிரியலுக்கு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. நம் பாடத்திட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. பயோ மேத்ஸ் எடுத்தால் மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் போகலாம். ப்யூர் சயின்ஸ் எடுத்தால் தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாக ஆழமாகப் படிக்கலாம், ஆனால் பொறியியல் போய்விடும். கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவளுக்கு மருத்துவம் இல்லை. காமர்ஸ் எடுத்தவளுக்கு இரண்டும் இல்லை.

எதிர்த் திசையில் தடையே கிடையாது. எந்தக் குரூப் படித்தவளும் பி.ஏ. தமிழுக்கு வரலாம். என் வகுப்பில் எல்லாக் குரூப்பிலிருந்தும் பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "டாக்டருக்குக் கிடைக்கல, அதான் தமிழுக்கு வந்துட்டா" என்று அவர்களைச் சேர்க்க வரும் பெரியவர்கள் என்னிடமே சொல்வார்கள், நான் தமிழ்தான் கற்பிக்கிறேன் என்பதைப் பொருட்படுத்தாமல். அறிவியலிலிருந்து மொழிக்கு இறங்கலாம், மொழியிலிருந்து அறிவியலுக்கு ஏற முடியாது என்ற இந்தப் படிக்கட்டு, தமிழை விரும்பி வந்தவளையும் தோற்றவளாக்கிவிடுகிறது.

ஜோயல் ஃபைன்பெர்க் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1980இல் எழுதிய கட்டுரையொன்றில், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டு என்றார். வளர்ந்த பின் தானே எடுக்க வேண்டிய முடிவுகளைப் பெற்றோர் முன்கூட்டியே அடைத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். நம் வீடுகளிலும் இதையொத்த ஞானம் உண்டு. "பயோ மேத்ஸ் எடு பாப்பா, ரெண்டு பக்கமும் போகலாம்" என்று சொல்லும் அப்பா ஃபைன்பெர்க்கைப் படிக்காமலே அவர் கட்சியில் இருக்கிறார்.

ஆனால் திறந்திருக்கும் கதவுகளை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா? அரியலூர் மாவட்டத்து அனிதாவை நினைத்துப் பார்க்கிறேன். அவர் தந்தை இங்கே திருச்சி காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கியவர். 2017இல் மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 பெற்றார் அனிதா. பழைய முறையில் அவருடைய மருத்துவ கட்-ஆஃப் 200க்கு 196.75, பொறியியல் கட்-ஆஃப் 199.75. எல்லோரும் சொல்லும் அறிவுரைப்படி இரண்டு கதவும் திறக்கிற குரூப்பைத்தான் படித்திருந்தார். பொறியியல் கதவு அகலத் திறந்தே இருந்தது. அவர் விரும்பியது மற்றதை. பாடத்தைத் தேர்ந்தெடுத்தபோது இருந்த விதி வேறு, படித்து முடித்தபோது இருந்த விதி வேறு. நீட்டில் அவர் பெற்றது 86. உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி அவரை இழந்தோம்.

"இன்ஜினியரிங் கிடைச்சிருக்குமே" என்று அப்போது பலர் சொன்னார்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. ஒருத்தியின் விருப்பத்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று அது நம்புகிறது. கதவுகளின் எண்ணிக்கை ஒரு பொருட்டுதான். ஆனால் அவள் போக விரும்பும் கதவு எது என்ற கேள்விக்கு அந்த எண்ணிக்கை பதிலாகாது.

விருப்பம் என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. வறுமையிலும் ஒடுக்குமுறையிலும் வாழ்கிறவர்கள் கிடைக்கக்கூடியதற்கேற்பத் தம் ஆசைகளைச் சுருக்கிக்கொள்கிறார்கள் என்று அமர்த்தியா சென் எழுதியிருக்கிறார். குரூப் விஷயத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். திருவானைக்காவலுக்கும் திருச்சி டவுனுக்கும் நடுவே காவிரிப் பாலம் இருக்கிறது. "பாலத்தைத் தாண்டி அனுப்ப வேணாம், இங்கேயே இருக்குற ஸ்கூல்ல என்ன குரூப் இருக்கோ அதை எடுக்கட்டும்" என்று ஒரு வீட்டில் முடிவாகிறது. ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணிடம் கேட்டால், "எனக்கு அக்கவுண்ட்ஸ்தான் பிடிக்கும் மிஸ்" என்பாள். பொய் சொல்லவில்லை. பிடிக்கவும் தொடங்கியிருக்கும். அப்படியானால் அது அவள் தேர்வா?

இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. அவள் "வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது என்றால் அது தேர்வு. வீட்டில் பேச்சு நின்றிருக்கும், படிப்பே நின்றிருக்கும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருப்பார்கள் என்றால், அவள் சொன்ன "சரி"க்குத் தேர்வு என்று பெயர் வைக்கக் கூடாது.

எங்கள் ஊர்க் கோவிலைப் பற்றி வெளியூர்த் தோழிகளிடம் சொல்லும்போது அவர்கள் வியப்பது ஒன்றுண்டு. இங்கே ஜம்புகேஸ்வரர் குரு, அகிலாண்டேஸ்வரி மாணவி. அதனால் மற்ற சிவன் கோவில்களில் நடப்பதுபோல் இங்கே திருக்கல்யாணம் நடப்பதில்லை. பாடம் கேட்டுக்கொண்டிருப்பவளுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்ற நியாயத்தை இந்த ஊர் கருங்கல்லில் எழுதி வைத்திருக்கிறது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த நியாயம் தேவிக்கு மட்டும்தான். அதிலும் ஒன்று எனக்கு உறுத்தும். அவள் என்ன பாடம் கேட்டாள், அதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

இதே ஊரில் 1888இல் பிறந்தவர் சி.வி. ராமன். 1933இல் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கமலா பாகவத் ஆய்வு செய்ய விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் மறுத்தார். கமலா நேரில் போய் நின்று விடாமல் வாதாடியதால் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்: ஓராண்டு சோதனைக் காலம், ஆண் ஆய்வாளர்களின் கவனம் சிதறக் கூடாது. அந்த ஆண்டின் முடிவில் அவர் வேலை ஏற்கப்பட்டது. பின்னாளில் கமலா சோகோனி என்று அறியப்பட்ட அவர், 1939இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த ஓராண்டு என்னை யோசிக்க வைக்கிறது. ஒரு வருடம் என்பது ஆணுக்கு ஒரு பொருளிலும் பெண்ணுக்கு வேறு பொருளிலும் வருகிறது. நீட்டில் முதல் முறை மதிப்பெண் குறைந்தால் மகனுக்கு வீடு சொல்வது: "பரவால்ல தம்பி, ஒரு வருஷம் ரிப்பீட் பண்ணு." நீட்டுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை; மேல் வயது வரம்பும் இல்லை. விதி தரும் இந்தக் காலத்தை மகன் எடுத்துக்கொள்கிறான். மகளிடம், "ஒரு வருஷம் வீட்ல சும்மா இருந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க, கிடைச்ச காலேஜ்ல சேரும்மா" என்கிறார்கள். அவன் செலவழிக்கும் வருடம் முதலீடு, அவளுடையது வீண். அவனுக்கு வருடம் வாய்ப்பாக வருகிறது. கமலாவுக்கு வந்ததுபோல் அவளுக்குச் சோதனையாக வருகிறது, அதுவும் வாதாடினால்தான்.

பெற்றோர் தரப்பில் ஒரு நியாயமான வாதம் உண்டு. பதினைந்து வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும்? எந்த டாக்டர் சீரியல் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறாளோ, மூன்று வருடம் கழித்து மாறிவிட்டால்? உண்மைதான், மாறலாம். பதினைந்து வயதில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம். ஆனால் அவளுக்குத் தெரியாது என்பதிலிருந்து நாம் முடிவெடுக்க வேண்டும் என்பது வந்துவிடாது. அதிலிருந்து வருவது ஒன்றுதான்: அவள் எடுக்கும் முடிவு, பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும். தெரியாதவளுக்குத் தர வேண்டியது திரும்பி வரும் வழி.

விதிகள்கூட இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. 2020இல் தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. பூட்டியதாக நினைத்த கதவுகள் சில, தட்டினால் திறக்கின்றன. தட்டுவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத் தருவது சட்டத்தின் கையில் இல்லை, வீட்டின் கையில் இருக்கிறது.

எனவே குரூப் பற்றிப் பேசும் அம்மாக்களிடம் நான் இப்போது வேறொன்றைக் கேட்கிறேன். மருத்துவம்தான் என்று உறுதியாக இருந்து, கணக்கு அவளை வருத்துகிறது என்றால் ப்யூர் சயின்ஸ் போதும். ஆசை இன்னும் தெளியவில்லை, கணக்கும் வருகிறது என்றால் பயோ மேத்ஸ். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. அதற்குப் பிறகு கேட்க வேண்டியது: முதல் முறை கிடைக்காவிட்டால் அவளுக்கு இன்னொரு வருடம் உண்டா? நடுவில் மனம் மாறினால் மாறவிடுவீர்களா? இவற்றுக்கு "ஆமாம்" என்று இப்போதே அவள் முன்னால் சொல்ல முடியுமா?

படிக்கிற பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே படித்து, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமியை உங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அவர் பெருமைக்குரியவர்தான். ஆனால் ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்ற நிலையில் படித்த தலைமுறை அது. ஒருத்தி தவறினால் "பெண்களுக்கு எதற்கு மருத்துவம்" என்று சொல்லக் காத்திருந்தார்கள். அவர்கள் அப்படி வென்றது, நீங்களும் மூச்சுப் பிடித்துக்கொண்டு வெல்ல வேண்டும் என்பதற்காக இல்லை. நீங்கள் சாதாரணமாக இருக்கலாம் என்பதற்காக. தப்பான குரூப் எடுக்கலாம், ஒரு வருடம் கழித்து மாறலாம், மருத்துவம் கிடைத்தும் வேண்டாம் என்று தமிழுக்கு வரலாம், தமிழ் படித்துக்கொண்டே உயிரியல் எழுதித் திரும்பிப் போகலாம். உங்கள் அண்ணனும் தம்பியும் இதையெல்லாம் உரிமை என்று பெயர்கூட வைக்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.