ஏழில் ஒரு கை

'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்தின் 60 சீட்டுக் கட்டில் 24 நிலச் சீட்டுகள் வைப்பது பரவலான வழக்கம். நிலம் இறங்காவிட்டால் மற்றவை பெரும்பாலும் கையிலேயே முடங்கும். நன்றாகக் கலைத்த கட்டிலிருந்து எடுக்கும் முதல் 7 சீட்டுகளில் ஒரு நிலமோ, அதுகூட இல்லாமலோ அமையும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். ஏறக்குறைய ஏழு ஆட்டத்துக்கு ஒன்று. இணைய வடிவமான அரீனாவின் ஒற்றை ஆட்டங்களில் மென்பொருள் இதைச் சற்றுக் குறைக்கிறது, ஒழிப்பதில்லை. அத்தகைய கையை ஒரு சீட்டு இழப்போடு மாற்றிக்கொள்ள விதியே இடம் தருகிறது.

பெரிய இழப்பு அப்படியொரு கையால் தோற்ற பின்னால்தான் வருகிறது. போக்கர் ஆடுவோர் 'டில்ட்' என்று சொல்லும் மனக்கொதிப்பில், விட்டதைப் பிடிக்க உடனே அடுத்த ஆட்டத்தில் இறங்குபவர் வெல்லக்கூடியதையும் தோற்கிறார். தேர்ந்த ஆட்டக்காரர் அப்போது திரையை விட்டு எழுகிறார். திரும்பி வந்து, தோல்வியில் சீட்டின் பங்கு எது, தம் முடிவின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கிறார்.