பேச இயலாதவரின் ஹக்கு

செயற்கைச் சுவாசக் கருவி பொருத்தப்பட்ட நோயாளியைப் பற்றி நம்மிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘கருவியை எடுப்பது கூடுமா?’ மூளை முற்றிலும் செயலிழந்து, இனி மீளாது என்று நிபுணர்கள் முடிவு செய்தபின் எடுக்கலாம் என 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி தீர்மானித்துள்ளது. ஆனால் கருவி இயங்கும் நாட்களில் அந்நோயாளிக்குரிய ஹக்கு என்ன, அதை நிறைவேற்றுபவர் யார் என்று கேட்போர் அரிது.

கருவி மூச்சை மட்டுமே தரும். குழாயில் தேங்கும் சளியைப் பக்குவமாக உறிஞ்சி எடுப்பதும், தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பதும், வாயைத் துப்புரவு செய்வதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும் நர்ஸின் வேலை. எச்சரிக்கை மணி ஒலித்தால் கருவியைப் பார்க்குமுன் நோயாளியைப் பார்க்க வேண்டும். இவை இரக்கத்தால் மட்டும் வந்துவிடா, பயிற்சியால் வருபவை.

1952-ல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவிக் கருவிகள் போதாமற் போனபோது, சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சூட்டினர். கருவிக்குப் பின்னால் என்றும் மனிதக் கை வேண்டும்.

மையித்தைக் குளிப்பாட்டும்போதே அவ்ரத்தை மறைத்து மென்மையாகக் கையாள வேண்டும் என்பது சட்டம். அப்படியிருக்க, உயிரோடிருந்தும் நாவால் முறையிட இயலாதவரின் ஹக்கு அதைவிடக் குறைந்ததாகுமா? மயக்கத்திலிருப்பவரின் காதில் நம் பேச்சு விழவும் கூடும். எனவே திரையிடுவதும், ‘இப்போது புரட்டுகிறோம்’ என்று சொல்லிச் செய்வதும் அவரது மானத்தைக் காப்பதாகும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் வைத்தியக் கல்வியை பர்ளு கிபாயாவில் சேர்த்துள்ளார்கள். போதியவர்கள் கற்காவிடில் பொறுப்பு எல்லோர் மீதும் விழும். ‘எங்கள் தாயாரைப் பெண்களே கவனிக்க வேண்டும்’ என்று ஆஸ்பத்திரியில் வேண்டுகிறோம். நம் மகள் அப்படிப்பைக் கேட்டாலோ ‘இரவு வேலை, நமக்கு ஆகாது’ என்கிறோம். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியில் ருபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தானே பராமரிக்கப்பட்டார்கள்!

பெற்றோரின் அச்சம் நியாயமானதே. அதைப் போக்கப் பாதுகாப்பான தங்குமிடமும், போக்குவரத்தும், படிப்புச் செலவும் ஏற்படுத்துவது ஜமாஅத்தின் கடமை. அமானிதத்தைப் பேணுவோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.