மான்கள் பெருகிவிட்டால் ரஹ்மத் எது?

 

மதீனாவில் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டாலும் தாம் அவற்றை வெருட்ட மாட்டோம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இதைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். திண்ணைத் தோழர்களில் ஒருவர். பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டவர். அவர் கண்ணெதிரே மான் நடந்து போகிறது. அவர் கையை நீட்டவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் இரு கருங்கல் பூமிகளுக்கு இடைப்பட்ட நிலத்தைப் புனித எல்லையாக அறிவித்திருந்தார்கள் என்பதே காரணம். மக்காவின் ஹரமுக்கும் இதே சட்டம்தான். அங்கே வேட்டைப் பிராணியைக் கொல்வது இருக்கட்டும், அது நிற்கும் இடத்திலிருந்து அதைக் கிளப்பிவிடக்கூட அனுமதி இல்லை.

நகரமும் மானும் சேர்ந்து வாழ்வது நம் மார்க்கத்துக்குப் புதிதல்ல என்று தெரிகிறது. ஆனால் அந்த மான்கள் நூறாகி ஆயிரமானால், மேய்ச்சலும் போதாமல் போனால், என்ன செய்வது?

மணப்பட்டிலும் பாகூரிலும் இருக்கிற நமக்கு இந்தக் கேள்வி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் போகிற சென்னையில் இது அன்றாடக் காட்சி. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதை ஒட்டி ஆளுநர் மாளிகை. 1959-இல் அந்தக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த நிலத்தில் எழுந்த ஐஐடி வளாகம். இவற்றைச் சுற்றி நாலு பக்கமும் சாலை, வீடு, கடை. உள்ளே புள்ளிமானும் வெளிமானும். சிறுத்தை அங்கே கிடையாது. நரி உண்டு; அது குட்டியைப் பிடிக்கும், வளர்ந்த மானைப் பிடிக்காது. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். அது சுருங்கச் சுருங்க, மரநிழலிலும் பிழைக்கத் தெரிந்த புள்ளிமான்தான் பெருகும். மேய்ச்சல் குறைந்த மான் குப்பைத்தொட்டிக்கு வருகிறது. செத்த மானை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் உருண்டை கிடந்தது என்ற செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். தெருநாய்கள் மானைக் கடித்துக் கொல்லும் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

சகோதரர்களே! இங்கே இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கிறோம். ஒருவர், "இவை தொல்லை, பிடித்து அப்புறப்படுத்துங்கள்" என்கிறார். இன்னொருவர் வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி, குழந்தையின் கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, "மானுக்குப் போடு" என்கிறார். இரண்டாமவர் இரக்கமுள்ளவர் என்று நமக்குத் தோன்றும். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. அந்த பிஸ்கட்டோடு உறையும் உள்ளே விழுகிறது. மனிதக் கைக்குப் பழகிய மான் சாலைக்கு வருகிறது. கிடைப்பது நம் மனதுக்கு ஒரு நிமிட இனிப்பு. விலையை மான் கொடுக்கிறது.

அல்லாஹ் இந்த விலங்குகளை நம்மைப் போன்ற உம்மத்துகள் என்று 6:38-இல் குறிப்பிடுகிறான். உம்மத் என்றால் அதற்கென்று ஒரு வாழ்க்கை முறையும் உணவும் ஒழுங்கும் உண்டு. ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்தை நினைத்துப் பாருங்கள். 26:155, 54:28 ஆகிய இடங்களில் வருகிற செய்தி என்ன? தண்ணீரில் ஒட்டகத்துக்கு ஒரு முறை, மக்களுக்கு ஒரு முறை என்று பங்கு பிரிக்கப்பட்டது. ஸமூது கூட்டத்தாரிடம் ஒட்டகத்தைக் கொஞ்சும்படி கேட்கப்படவில்லை. அதன் பங்கில் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்லப்பட்டது. அவர்கள் கை வைத்தார்கள். நாமும் மானின் பங்கில் கை வைத்துவிட்டோம். காட்டை வெட்டி மனை போட்டோம், சிறுத்தையை ஒழித்தோம், மிச்சத்தைச் சுவருக்குள் அடைத்தோம். நம் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் மனைப்பிரிவுகளாக மாறும்போது அங்கிருந்த உயிர்களின் பங்கு எங்கே போகிறது என்று யார் கணக்குப் பார்க்கிறோம்?

சிறுத்தை செய்துகொண்டிருந்த வேலையை இல்லாமல் ஆக்கியவன் மனிதன் என்றால், அந்த வேலையின் பொறுப்பும் அவன் தலையில்தான் விழுகிறது. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று ஒதுங்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அவள் அதை அடித்துக் கொல்லவில்லை. அடைத்தாள், பிறகு கண்டுகொள்ளவில்லை. சுவருக்குள் அளவுக்கு மீறிப் பெருகிய மான்களை, "நாங்கள் எதுவும் செய்யவில்லை, கொல்லவும் இல்லை" என்று விட்டுவிடுவது இதிலிருந்து எவ்வளவு தூரம்?

அப்படியானால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடலாமே என்பீர்கள். டில்லியில் ஹவுஸ் காஸ் மான் பூங்காவில் அதைத்தான் செய்தார்கள். 1960-களில் ஆறு மான்களோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பூங்காவில் எண்ணிக்கை சுமார் 600 ஆனது. 2023-இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மான்களை லாரியில் ஏற்றி ராஜஸ்தானின் புலிகள் காப்பகங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சினை மான்களையும் குட்டிகளையும்கூட ஏற்றினார்கள் என்று வழக்குப் போட்டவர்கள் முறையிட்டார்கள். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, நிலைமையை ஆராய நிபுணர் குழுவைப் பணித்தது. மான் மிகவும் பயந்த சுபாவம் உள்ளது. பிடிக்கும் அதிர்ச்சியிலேயே தசை கெட்டு, சில நாள் கழித்தும் செத்துவிடும். தலைமுறை தலைமுறையாக வேலிக்குள் வாழ்ந்ததைக் கொண்டுபோய்ப் புலியின் முன்னால் இறக்கிவிட்டு, "காட்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொல்லிக்கொள்வது மனசாட்சிக்கு வசதியாக இருக்கலாம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தமானுக்கு ஆங்கிலேயர் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதைத் தின்ன எந்த விலங்கும் இல்லை. அது தீவுத் தீவாகப் பெருகி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று, புது மரம் தலையெடுக்க விடாமல் செய்கிறது. அங்கே "ஒரு மானையும் தொடாதே" என்பது மரங்களுக்கும், அவற்றை நம்பி வாழும் பறவைகளுக்கும் இழைக்கும் அநீதி. அல்லாஹ் வானத்தை உயர்த்தித் தராசையும் வைத்து, அதில் வரம்பு மீறாதீர்கள் என்று 55:7-8-இல் எச்சரிக்கிறான். தராசில் மான் மட்டும் இல்லை.

நாய்களும் ஓர் உம்மத்தாக இல்லாதிருந்தால் அவற்றைக் கொல்லக் கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. ஓர் இனத்தை அடியோடு அழிப்பதற்கு அது கதவை மூடுகிறது. அதே நேரத்தில் தீங்கு செய்யும் தனிப் பிராணியைத் தடுக்க மார்க்கம் அனுமதிக்கிறது. எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரித்த ஒரு நபி கண்டிக்கப்பட்ட சம்பவத்திலும் இதே பாடம்: கடித்தது ஓர் எறும்பு, எரிந்தது ஒரு சமுதாயம்.

கருத்தடையைப் பற்றியும் கேட்கிறார்கள். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் 2016 முதல் ஆண் மான்களுக்குக் கருத்தடை அறுவை செய்து எண்ணிக்கையைக் குறைக்க முயன்றார்கள். விலங்குகளுக்கு விதையடிப்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் பயன் இருந்தால் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் உண்ணத்தக்க பிராணிக்கு, அதுவும் சிறியதாக இருக்கும்போது மட்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஸ்டேட்டன் தீவில் செய்தது விதையை நீக்காத சிகிச்சை, வலியும் குறைவு. பட்டினியில் சாகப் பிறக்கும் குட்டியைவிட இது மேலானது என்றே நான் கருதுகிறேன்.

அதுவும் முடியாத இடத்தில், கொன்றுதான் குறைக்க வேண்டும் என்று வந்தால்? அதை யார் முடிவு செய்வது? இஹ்ராமில் வேட்டைப் பிராணியைக் கொன்றவனுக்கான பரிகாரத்தை நீதியுள்ள இருவர் தீர்மானிக்க வேண்டும் என்று 5:95 சொல்கிறது. அந்தச் சட்டம் இஹ்ராமுக்குரியதுதான். ஆனாலும் ஒரு மானின் உயிருக்குக்கூட நியாயவான்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்ற அந்த மனநிலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். தோட்டம் பாழானவனின் கோபமோ, படம் எடுத்துப் போடுகிறவனின் கண்ணீரோ அதை முடிவு செய்யக் கூடாது. வனத்துறையினரும் கால்நடை மருத்துவர்களும் எண்ணிப் பார்த்து, சட்டப்படி செய்ய வேண்டும். செய்யும்போதும் கத்தியைக் கூர்மையாக்கி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன நபிமொழி அங்கே பொருந்தும்.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கிறது. வேடன் வலையில் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பாலூட்டித் திரும்ப நபியவர்கள் பிணை நிற்பார்கள். அதன் மூல அறிவிப்புகளின் வலிமை பற்றி ஹதீஸ் அறிஞர்களிடம் விவாதம் உண்டு. அதை நான் ஆதாரமாக வைக்கவில்லை. ஆனால் நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக அதை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். பிணை நிற்பது என்றால் தன்னையே பொறுப்பில் வைப்பது. மானுக்காகப் பேசுகிற ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: நீங்கள் எதைப் பொறுப்பேற்கிறீர்கள்? உங்கள் தெருக் குப்பையை மூடி வைப்பீர்களா? மனை வாங்கும்போது அது யாருடைய மேய்ச்சல் நிலம் என்று விசாரிப்பீர்களா?

கடைசியாக ஒன்று, இளைஞர்கள் தனியாக வந்து கேட்கிற விஷயம். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மானை எடுத்துச் சாப்பிடலாமா, மான் ஹலால்தானே என்று. மான் ஹலால் பிராணிதான். ஆனால் அடிபட்டுச் செத்ததும் நாய் கடித்துச் செத்ததும் 5:3-இன்படி ஹராம். உயிரோடு கிடந்தாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதில் கை வைப்பது குற்றம், சிறை உண்டு. இறந்த உடலும் அரசின் சொத்து. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள், செல்போனை அதன் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அவர்கள் வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.