பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருவோர் கையில் ஒரு சிறு நூலைக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்பார்கள், நினைவு மலர் என்றும் சொல்வார்கள். படம், திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான மண் அது. வீட்டு அலமாரிகளில் தப்பிய இந்த மலர்களும் இன்று ஊர் வரலாற்றுக்கு ஆதாரம். ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் இவற்றைச் சேர்த்துக் காப்பது பெரிய தொண்டு.

ஆனால் பல மலர்களில், படித்த பள்ளி, வகித்த பதவி, பெற்ற மக்கள் என்பதோடு மனிதர் முடிந்துவிடுகிறார். பங்குக் கிணற்றில் தன் முறையை அயலவருக்கு விட்டுக்கொடுத்தது, மாரிக்கு முன் இரு வீட்டுக்கும் பொதுவான வேலியைத் தானே கிடுகு கட்டி அடைத்தது, அடைக்கும்போதும் கறிக் கோப்பை போய்வர ஒரு பொட்டு (சிறு திறப்பு) மட்டும் விட்டுவைத்தது, நடுச்சாமத்தில் பிரசவ வலி கண்ட அயல்வீட்டுப் பெண்ணுக்காக வாகனம் தேடி ஓடியது... இவை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. மனைவி மக்களுக்கே தெரியாத நல்ல குணங்கள் அயலவருக்குத் தெரிந்திருக்கும். காலமானவர் தன் உதவியை வீட்டில் சொல்லிக்காட்டியிருக்க மாட்டார்.

உங்கள் வீட்டில் நினைவு மலர் எழுத உட்காரும்போது, பக்கத்து வீட்டாரிடமும் ஒரு பக்கம் கேட்டு வாங்குங்கள். அவர்கள் பேச்சு நடையிலேயே அச்சிடுங்கள்.